பேத்திக்கு ஒரு கிற்றார்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, பிள்ளைக்கு இங்கையிருந்து நல்ல கிற்றார் ஒண்டு வாங்கி அனுப்பட்டே? உங்கை விக்கிறதெல்லாம் என்ன சாமான்?" என்றான். பிள்ளை என்று அவன் குறிப்பிட்டது தன் தமக்கையின் மகளை. பதின்மூன்று வயது. வகுப்புத் தோழி ஒருத்தி வாசிப்பதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நான் "வேண்டாம்" என்றேன். மகனுக்கு அது சற்று மனத்தாங்கலாகவே இருந்தது. தொலைபேசியில் முழுக் காரணத்தையும் விளக்க முடியவில்லை. அவனைப் போன்று ஊரிலுள்ள மருமக்களுக்குக் கிற்றார் அனுப்ப எண்ணும் மாமன்மார் உலகமெங்கும் இருப்பார்களாதலால் இங்கே எழுதுகிறேன். (தமிழகத்து அன்பர்கள் கிதார் என்று வாசித்துக்கொள்க.)

1973 ஆம் ஆண்டு. இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்த காலம். எங்கள் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் பாட்டுக்களையும் ஏ. ஈ. மனோகரனின் பாட்டுக்களையும் முணுமுணுக்காத இளைஞர் யாழ்ப்பாணத்தில் அரிது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நானும் அந்த மயக்கத்தில் கொழும்பில் ஒரு கடையில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து ஒரு கிற்றார் வாங்கினேன். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலமாதலால் கடையில் தொங்கியவை மூன்றே மூன்று. அவற்றுள் சிவப்பாக மினுங்கியதைத் தெரிந்தேன். வேறு எதையும் பார்க்கத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் விரல் நுனிகள் கொப்பளித்து, உரிந்து, மீண்டும் கொப்பளித்தன. ஒரு விரலால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்தவேண்டிய 'எஃப்' சுரக்கூட்டு ஒருநாளும் ஒலித்ததில்லை. நமக்கு இசை ஞானம் இல்லை என்று தீர்மானித்து ஆணியில் மாட்டிவிட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் அது அங்கேயே தொங்கியது. பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட நாட்கள் அவை. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் அயலில் குடியிருந்த பெரியவர் ஒருவர், தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தவர், 1991 இல் ஒரு மாலை அந்தக் கிற்றாரை இறக்கிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, தச்சர் பலகை பார்ப்பதுபோல் அதன் கழுத்தை நீளவாட்டில் பார்த்தார். "தம்பி, உம்முடைய விரலிலை பிழையில்லை. கம்பி கூரையிலை நிக்குது" என்றார். கம்பிகளைத் தளர்த்தி, அவற்றைத் தாங்கும் எலும்புத் துண்டைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை எங்கள் சீமெந்துத் தரையிலேயே தேய்த்தார். மாட்டிப் பார்ப்பதும் மறுபடி தேய்ப்பதுமாக முக்கால் மணித்தியாலம் சென்றது. அறுந்திருந்த முதற்கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிறேக் கம்பியிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கட்டினார். அன்று இரவு என் விரலுக்கு 'எஃப்' ஒலித்தது. எனக்கு அப்போது நாற்பது வயது கடந்துவிட்டது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது கிற்றாரை எடுத்துச் செல்ல எவருக்குத் தோன்றும்? அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஆணியும் இல்லை, ஆணி இருந்த சுவரும் இல்லை.

ஆகவே, குறைந்த பணத்தில் கிற்றார் வாங்குபவரிடம் நான் முதலில் கேட்பது விலையையோ பெயரையோ அன்று, கம்பியின் உயரத்தைத்தான். வீணைக்காரர் மெட்டு என்பதைத்தான் கிற்றாரிலும் குறுக்கே பதித்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் மெட்டுக்கும் அதன்மேல் ஓடும் தடித்த கம்பிக்கும் இடையே இரண்டரை மில்லிமீற்றர் அளவு இருந்தால் நல்லது. மெல்லிய கம்பிக்கு இரண்டு போதும். நான்கைத் தாண்டினால் அது பிள்ளையைத் துரத்திவிடும். பாடசாலை அடிமட்டம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் முதல் மெட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டிப் பார்க்கவேண்டும். மொத்தம் எழுபத்திரண்டு ஒலிகள். (மேளகர்த்தா இராகங்களின் தொகையும் அதுவே, ஒற்றுமை தற்செயலானது.) எங்கேனும் வண்டு முரல்வதுபோல் அதிர்ந்தால் அந்த இடத்தில் மெட்டு சமமில்லை. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலியும் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். அவை விலகினால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேற்சுரங்கள் பிசகும். இதற்குச் செவிஞானம்கூடத் தேவையில்லை, கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிமானி சொல்லிவிடும். கம்பிகள் கட்டியிருக்கும் குதிரையின் பின்விளிம்பில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பசை விட்டுவிட்டது, வேறொன்றைப் பாருங்கள். பிருடைகள் தடங்கலின்றித் திரும்பவேண்டும். மற்றவை அழகுக் காரியங்கள்.

உருக்குக் கம்பியா, நைலோன் கம்பியா என்பதைப் பிள்ளை பாட விரும்பும் பாட்டே தீர்மானிக்கட்டும். நைலோன் விரலுக்கு இதமானது, ஆனால் கழுத்து அகலமானது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உருக்குக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்தோடு இழுக்கின்றன, நைலோன் ஏறத்தாழ 40. நைலோனுக்குச் செய்த கிற்றாரில் உருக்குக் கம்பியைக் கட்டிக் குதிரை பெயர்ந்ததைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

மரத்தைப் பற்றி விடயம் அறிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். முன்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் ஒரே மரமாக இருக்கவேண்டும் என்பது எங்கும் சொல்லப்படும் வேதவாக்கு. அதில் உண்மை உண்டு. இன்றைய கிற்றாரின் வடிவத்துக்கு வழிகாட்டிய ஸ்பானியர் அன்ரோனியோ டி ரொறெஸ் 1862 இல் முதுகையும் பக்கங்களையும் கடதாசிக் கூழ் அட்டையாற் செய்து, முன்பலகையை மாத்திரம் நல்ல மரத்தில் இட்டு, ஒலியின் உயிர் எங்கே இருக்கிறது என்று காட்டினார். அந்தக் கிற்றார் இன்றும் பார்சலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் ரொறெஸுக்கு ஐப்பசி மழை தெரியாது. கிற்றார் செய்பவர்கள் அதற்கு உகந்ததென்று சொல்லும் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். வாடைக் காற்றில் எங்கள் வீட்டுக்குள் அது 80ஐ எளிதில் தாண்டும். ஒரே மரப் பலகை ஈரத்தைக் குடித்து வயிறு ஊதும். குதிரை அதனோடு எழும், கம்பியும் எழும். கனடாவின் வரண்ட மாரியில் இதமாக இருந்த கிற்றார் இங்கு வந்து இரண்டு மாதத்தில் என் பழைய சிவப்புக் கிற்றாரைப் போல் ஆகிவிடலாம். ஒட்டுப்பலகையின் ஒலி சற்று மந்தம்தான். ஆயினும் அது நம் காலநிலையைப் பொறுத்துக்கொள்கிறது. பலரும் அறிந்த யமஹா எஃப் 310 இன் முன்பலகை ஒட்டுப்பலகையே. அதன் கம்பி நீளம் 634 மில்லிமீற்றர், வழமையான 650 ஐ விடச் சற்றுக் குறைவாதலால் சிறிய கைக்கும் எட்டும். அதே நிறுவனத்தின் எஃப்ஜி 800 இல் முன்பலகை ஒரே மரம். குளிரூட்டி உள்ள வீட்டுக்கு அதை வாங்குங்கள், எங்கள் ஓட்டு வீட்டுக்கு வேண்டாம்.

பணத்தைப் பிரிப்பதிலும் நாம் தவறுகிறோம். 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்ட பின்னர், இறக்குமதியாகும் எந்தப் பொருளும் எளியவர் கைக்கு எட்டாமற் போயிற்று. முப்பதாயிரம் ரூபா இருந்தால் முழுவதையும் கிற்றாரிலேயே போட்டுவிட்டு, மேலும் ஐயாயிரம் சேர்த்து மின் இணைப்பு உள்ளதை வாங்குகிறார்கள். அந்த விலையில் மின்கருவிக்குக் கொடுத்த காசு மரத்திலிருந்தும் வேலைத்திறனிலிருந்தும் கழித்த காசுதான். வீட்டு முற்றத்தில் வாசிக்கும் பிள்ளைக்கு ஒலிபெருக்கி எதற்கு? இருபத்தைந்தாயிரத்துக்குள் கிற்றாரை முடித்து, மிகுதியைக் கம்பி உயரம் திருத்துவதற்கும் மாற்றுக் கம்பிகளுக்கும் வையுங்கள். உப்புக் காற்றில் கம்பி விரைவில் கறள் பிடிக்கும். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குப் பஞ்சப்படக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிக்கப்போகும் கை கடைக்கு வரவேண்டும். பேத்தியையும் அடிமட்டத்தையும் கூட்டிக்கொண்டு நான்கு இடம் அலைந்தேன். இரண்டு கடையில் அவளுக்கு நீல நிறக் கிற்றார் ஒன்றில் கண் போயிற்று. ஐம்பது ஆண்டுக்கு முந்திய சிவப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. தடுக்கவில்லை, "வாசித்துப் பார்" என்றேன். அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். முடிவில், படிப்புக்காக வெளிநாடு போகும் மாணவர் ஒருவரின் பழைய கிற்றாரை இருபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினோம். முகத்தில் இரண்டு கீறல், கழுத்து நேர். எலும்புத் துண்டைத் தேய்த்துத் திருத்தியதற்கு இரண்டாயிரம் ஆயிற்று. இம்முறை சீமெந்துத் தரையில் அல்ல.

மகனுக்குச் சொன்னேன். சமாதானமாகிவிட்டான். நான்கு கட்டுக் கம்பியும் ஒரு சிறிய ஈரமானியும் அனுப்பியிருக்கிறான். இதை எழுதும் நேரம் மழை. ஈரமானி 86 காட்டுகிறது. வாசித்து முடிந்ததும் அலுமாரிக்குள் வை என்று காலையில் சொன்னேன். "இன்னும் வாசிச்சு முடியேல்லை, அம்மப்பா" என்கிறாள்.