பிரஷருக்கு ஒரு வாசல், மனதுக்கு வேறு வாசலா?

கொள்முதல் பாக்கி, வட்டி, வசூலாகாத கடன் என்று தூக்கம் கெட்ட இரவுகள் நமக்குப் புதிதல்ல. தறி ஓடாவிட்டால் நெசவாளர் வீட்டு அடுப்பு மட்டுமல்ல, சந்தவாசல் மளிகைக் கடைக் கல்லாவும் தூங்கும். பிரஷர் மாத்திரையை நாலு பேர் முன்னால் விழுங்குகிறவர்கள், மனம் சோர்ந்தால் மட்டும் மறைக்கிறோம். 'அவருக்குப் புத்தி சரியில்லையாம்' என்ற பேச்சு கிளம்பினால் மொத்த வியாபாரி சரக்கு தரமாட்டாரே என்ற அச்சம்!

மனநோய்க்கும் உள்ளூரிலேயே வைத்தியம் வேண்டும் என்றுதான் மத்திய அரசு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே பயிற்சி தருவது அதன் அடிப்படை. தமிழகத்தில் 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2022 அக்டோபரில் 14416 என்ற இலவச மனநல ஆலோசனைத் தொலைபேசியும் வந்தது.

வசதி இருக்கிறது, அதை மக்களோடு இணைக்கத்தான் ஆளில்லை. அந்த வேலையை நம் சங்கம் செய்யலாம். சங்கம் நடத்தும் பிரஷர், சர்க்கரை முகாமில் மாவட்ட மனநலக் குழுவினருக்கும் ஒரு மேசை போடச் சொல்லிச் சுகாதாரத் துறைக்கு எழுதுவோம். ஒரே வரிசையில் நின்றால் யார் எதற்கு வந்தார் என்று யாருக்குத் தெரியும்? கடைதோறும் விலைப் பலகையில் 14416-ஐயும் எழுதி வைப்போம்.

தவணை தவறாதவர் திடீரெனக் கடைப் பக்கம் வராவிட்டால், பாக்கியைக் கேட்குமுன் அவர் நலத்தைக் கேளுங்கள். பாக்கி பிறகும் வரும். போன உயிர் வராது.