முள்ளுக்குள் ஈரம்



வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை அன்போடு நோக்குவார் யாரும் இலர். ஆடையைக் கிழிக்கும், காலில் தைக்கும் என்பதே நாம் அதனைப் பற்றி அறிந்தது. ஆயினும் அந்தக் கள்ளியினத்தின் பிறந்தகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோவின் வடமேற்கிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்திலும் பரந்து கிடக்கும் சொனோரப் பாலைவனத்தில் அது வாழும் முறையை அறிந்தால் நம் எண்ணம் மாறிவிடும்.

கோடையில் அங்கே வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மழையோ அரிது. அகன்ற இலையுள்ள செடி அந்த வெயிலில் நீரை இழந்து மாண்டுபோகும். ஆகவே கள்ளிக்கு இலை என்பது பெயரளவுக்குத்தான். தளிரில் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். நாம் இலை என எண்ணும் தட்டையான மடல் உண்மையில் தண்டே ஆகும். அதன் மேலே மெழுகுப் பூச்சு. உள்ளே நீரைப் பிடித்து வைக்கும் கொழகொழப்பான சாறு. வேர்கள் நிலத்தின் மேற்பரப்பிலேயே அகலப் பரவி, சிறு மழையையும் வீணாக்காமல் உறிஞ்சிக்கொள்கின்றன.

மற்றொரு விந்தையும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் மூச்சுத் துளைகளைத் திறக்கின்றன. கள்ளியோ பகலெல்லாம் அவற்றை அடைத்துவிட்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும். அதனை அமிலமாக்கிச் சேமித்து வைக்கும். மறுநாள் கதிரவன் எழுந்ததும், கதவைத் திறவாமலே அதனைக் கொண்டு உணவு சமைத்துக்கொள்ளும்.

இவ்வளவு சிக்கனமாய்ச் சேர்த்த ஈரம் யாருக்குப் பயன்படுகிறது? பன்றியைப் போன்ற பெக்கரி என்னும் விலங்கு முள்ளையும் பொருட்படுத்தாமல் மடலைக் கடித்துத் தின்று பசியும் தாகமும் தீர்த்துக்கொள்கிறது. ஒருவகை எலி கள்ளியின் அடியில் சுள்ளிகளையும் முள்மடல்களையும் குவித்து வீடு கட்டுகிறது. பகைவர் நெருங்காதபடி அம்முள்ளே அதற்குக் காவல். வசந்தத்தில் மலரும் பூக்களைத் தேனீக்கள் நாடி வருகின்றன. கோடையில் பழுக்கும் கனிகளைப் பறவைகளும் ஆமைகளும் கயோட்டி என்னும் சிறு ஓநாய்களும் உண்டு, விதைகளை வேறிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. மெக்சிக்கோவின் கத்தோலிக்கக் குடும்பங்களில், புலால் ஒறுக்கும் தவக்கால நாட்களில், முள் சீவிய இளமடல் உணவாகிறது.

முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் கைம்பெண் ஒருவர் இருந்தார். கடுஞ்சொல் உடையவர், காசை எண்ணி எண்ணிச் செலவிடுபவர். கோயில் திருவிழா வரி கேட்கச் சென்றவர்கள் வாடிய முகத்தோடு திரும்புவார்கள். மருமகளோ அவருடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவருடைய அடக்கத்தன்று, அடுத்த தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்து கதறி அழுதனர். தாயற்ற அப்பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஆண்டுக்கணக்காக அவரே ஏற்றிருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். மருமகள் கல்லறையோரம் நெடுநேரம் நின்றாள். சொல்ல வேண்டியதைக் கேட்க அங்கே எவரும் இல்லை. அந்த அம்மையாரை உள்ளத்தில் கருமி என்று தீர்ப்பிட்டவர்களுள் நானும் ஒருவன்.

கடுஞ்சொல் நன்றென்று நான் கூற வரவில்லை. அவர் நா சற்று இனிமையாக இருந்திருப்பின் அவ்வீடு இன்னும் மகிழ்ந்திருக்கும். ஆயினும் கனியைக் கொண்டே மரத்தை அறியச் சொன்னார் நம் ஆண்டவர். முள்ளைக் கண்ட மாத்திரத்தில் நாம் விலகிவிட்டோம்.

நம் சிக்கனத்தையும் இவ்வாறே சோதித்துப் பார்ப்போம். நாம் சேமிப்பதில் பிறர் பசிக்கு ஒரு மடலேனும் உண்டா? இல்லையேல் நம்மிடம் எஞ்சுவது முள் மட்டுமே.

உங்கள் குடும்பத்திலும் நீங்கள் பேசாது ஒதுக்கிய ஒருவர் இருக்கக்கூடும். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்று வாருங்கள். கல்லறையோரம் நிற்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.