பூடரீயில் கிரேட்டர் கிளைடரின் வட்டார அழிவு

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையில், ஜெர்விஸ் விரிகுடாவை ஒட்டியுள்ள பூடரீ தேசியப் பூங்காவில் கிரேட்டர் கிளைடர் என்னும் பைப்பாலூட்டி 2007-ஐ ஒட்டி அற்றுப்போனது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் தொடர் கண்காணிப்பைத் தொடங்கியபோது அது அங்கே எளிதில் காணக்கூடிய விலங்கு. சில ஆண்டுகளுக்குள் இரவுக் கணக்கெடுப்புகளில் ஒன்றுகூடத் தென்படவில்லை. காடழிப்போ வேட்டையோ இல்லாத, அக்கறையோடு நிர்வகிக்கப்பட்ட காப்பிடத்தில் இது நடந்திருப்பதால் வனவிலங்குப் பாதுகாப்புத் துறையினர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

கிரேட்டர் கிளைடரின் எடை ஒன்று முதல் ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் அடங்கும். முழங்கைக்கும் கணுக்காலுக்கும் இடையே விரியும் தோலால் 100 மீட்டர் வரைகூட மரம் விட்டு மரம் மிதந்து செல்லும். உணவு பெரும்பாலும் யூகலிப்டஸ் இலை மட்டுமே. பகலில் மரப்பொந்துகளில் உறங்கும். அத்தகைய பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும். ஒரே விலங்குக்குப் பல பொந்துகள் தேவை. ஆண்டுக்கு ஒரு குட்டிதான். பூடரீயோ கடலுக்குள் நீண்ட தீபகற்பம். மரமில்லாத வெளியைக் கடக்கத் தயங்கும் இவ்விலங்கு வெளியிலிருந்து வந்து அங்கே மீண்டும் குடியேறுவது அரிது.

காரணம் இன்றும் முடிவாக நிறுவப்படவில்லை. 2003 டிசம்பர் பெருந்தீ பூங்காவின் பரந்த பகுதியை எரித்தது உண்மை. ஆனால் எரியாத காட்டிலும் கிளைடர் எஞ்சவில்லை. செந்நரிகளுக்கு நச்சு இரை வைக்கும் பணி அதே காலத்தில் தீவிரமானது. அதனால் பாண்டிகூட் போன்ற தரைவாழ் விலங்குகள் முதலில் பெருகின, சதுப்புநில வல்லபிகளும் பல மடங்காயின. வல்லபிகள் அடிக்காட்டை மேய்ந்து தீர்த்தனவா, பெரிய ஆந்தைகளின் வேட்டை கூடியதா, வெப்பம் மிகுந்த இரவுகள் விலங்கின் உடலைத் தளர்த்தினவா என்பவை இன்னும் கருதுகோள்களே. நரி போன்ற ஓர் அச்சுறுத்தலை நீக்கிவிட்டால் எல்லா விலங்கும் பிழைக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அங்கே பொய்த்தது. பின்னர் பாண்டிகூட்களும் வளையவால் போசங்களும்கூடக் குறைந்தன.

பூடரீயின் கண்காணிப்பு தரமானது; அது இல்லாதிருந்தால் அழிவு நடந்ததே தெரிந்திராது. ஆனால் எண்ணிக்கை எந்த அளவுக்குச் சரிந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டி முடிவு செய்யாத கண்காணிப்பு அழிவைப் பதிவு மட்டுமே செய்யும். கிறிஸ்துமஸ் தீவின் பிபிஸ்ட்ரெல் வௌவாலுக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் வீழ்ச்சி 1990-களிலிருந்தே பதிவாகி வந்தது. பிடித்து வளர்க்க அனுமதி கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. 2009 ஆகஸ்ட் மாத இறுதிக்குப் பின் அதன் ஒலி பதிவாகவில்லை. ஆகவே ஒவ்வொரு காப்பிடத்தின் மேலாண்மைத் திட்டத்திலும் இனவாரியாக ஒரு செயல் எல்லை எழுதப்பட்டிருக்க வேண்டும்: எந்த எண்ணுக்குக் கீழே போனால் காரணம் தேடும் ஆய்வு, எதற்குக் கீழே போனால் பிடித்துக் காப்பது, அதற்கான பணமும் பொறுப்பும் யாரிடம் என்பவை அதில் இருக்க வேண்டும். காரணம் தெளியட்டும் என்று காத்திருக்க, மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் விலங்கிடம் நேரம் இல்லை.

இழந்த இனங்களை மீட்டுவரும் முயற்சியும் பூடரீயில் நடக்கிறது. 2014-இல் நீள்மூக்குப் பொட்டரூவும், 2018-இல் டாஸ்மேனியாவிலிருந்து கிழக்கத்திய குவாலும் விடப்பட்டன. குவால்களில் பல, நரியாலும் வாகனம் மோதியும் சில மாதங்களில் இறந்தன. மீள்குடியேற்றத்துக்கு முன் அழிவின் காரணத்தை அறிந்து நீக்க வேண்டும் என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி. காரணம் தெளியாத கிளைடர் விஷயத்தில் விடுவிப்பையே ஒரு சோதனையாக வடிவமைப்பதுதான் சரியான வழி: சிறு குழுக்களாக, வெப்பநிலையும் ஆந்தை நடமாட்டமும் வேறுபடும் இடங்களில், ரேடியோ பட்டை அணிவித்து விட வேண்டும், ஒவ்வொரு இறப்பின் காரணமும் உடனுக்குடன் ஆராயப்பட வேண்டும்.