கரி நெருப்பும் கம்பளிப் பட்டையும்

மாமியார் முதன்முதலாகச் சாவிக்கொத்தைக் கொடுக்கும் நாளில் மருமகளுக்கு எத்தனை பெருமை! இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு தடவை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பார்ப்பாள். சாயங்காலத்துக்குள் விஷயம் புரிந்துவிடும். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை, எந்தக் குழந்தைக்கு ஜலதோஷம் என்பதற்கெல்லாம் இனி அவளே பதில் சொல்லியாக வேண்டும்.

போப்பாண்டவரின் சின்னத்திலும் இரண்டு சாவிகள் இருக்கின்றன. பதினான்காம் லியோ 2025 மே 18-ஆம் தேதி ரோமாபுரியில், புனித பேதுரு ஆலயத்து முற்றத்தில் பொறுப்பேற்றார். மகுடம் கிடையாது. கடைசியாக மூன்றடுக்கு மகுடம் சூட்டிக்கொண்டவர் 1963-ல் ஆறாம் பால். 1978-ல் வந்த முதலாம் ஜான் பால் அது வேண்டாம் என்றுவிட்டார். லியோவுக்கு அணிவித்தவை இரண்டுதான்: தோளுக்கு ஒரு கம்பளிப் பட்டை, விரலுக்கு ஒரு மோதிரம்.

அந்தப் பட்டைக்குப் 'பாலியம்' என்று பெயர். ஆட்டுக்குட்டியின் ரோமத்தில் நெய்தது. நெய்து வந்தவர்கள் யார் தெரியுமோ? ரோமில் உள்ள புனித சிசிலியா மடத்துக் கன்னியாஸ்திரீகள்! நம் கைவேலைதான் அங்கேயும். காணாமற்போன ஆட்டைத் தேடிப் பிடித்து மேய்ப்பன் தோளிலே சுமந்து வருகிறானே, அதற்கு அடையாளமாக இது தோளில் கிடக்கிறது.

அன்றைக்கு வாசித்த சுவிசேஷப் பகுதி, உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் பேசியது. அதற்குச் சற்று முன்னால் நடந்ததையும் சேர்த்துப் படித்தால்தான் முழு ருசி தெரியும். சீடர்கள் இரவெல்லாம் ஏரியில் வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் நின்ற ஒருவர் சொன்ன பக்கம் வீசினால், 153 பெரிய மீன்கள்! (அந்தப் பரபரப்பிலும் உட்கார்ந்து எண்ணியவர் யாரோ, கெட்டிக்காரர்.) கரைக்கு வந்து பார்த்தால் கரி நெருப்பு கனிந்திருக்கிறது. மேலே மீன், கூடவே ரொட்டி. எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தவர் இயேசுவே.

பேதுருவின் நிலையை நினைத்துப் பாருங்கள். சில நாட்களுக்கு முன்பு இதே போன்ற கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு, "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சாதித்தவர் அவர். நாமாக இருந்தால், "வா அப்பா, வா! அன்றைக்கு என்ன சொன்னாய்?" என்றுதான் ஆரம்பித்திருப்போம். இயேசு முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகே கேட்டார், தன்னிடம் அன்பு உண்டா என்று. அதுவும் மூன்று தடவை. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, தம்முடைய ஆடுகளைக் கவனித்துக்கொள்ளும்படி ஒப்படைத்தார்.

தம்முடைய ஆடுகள், பேதுருவின் ஆடுகள் அல்ல. சாவி கைக்கு வந்தவர்கள் முதலில் மறப்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. லியோ அதை மறக்கவில்லை. யோக்கியதையால் தாம் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றும், அச்சத்துடன் ஒரு சகோதரனாக வந்திருப்பதாகவும் அன்றைய பிரசங்கத்திலே சொன்னார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை அதிகாரம் செய்து அடக்குவது இந்தப் பதவிக்குப் பொருந்தாது என்றும் சொன்னார். சிகாகோவில் பிறந்தாலும் பெரு தேசத்தில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து, சிக்லாயோ என்ற ஊரில் ஆயராக இருந்தவர். அங்கே ஏழைகளின் வாசற்படி அவருக்குத் தெரியும். சுமார் 140 கோடிக் கத்தோலிக்கர்களுக்கும் அப்படி முகம் பார்த்துப் பரிமாறுவது எப்படி? உபதேசம் பண்ணுவதாவது சுலபம், சகோதரிகளே! கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி உட்கார வைப்பது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாதா?

மோதிரம் விரலில் ஏறியதும் லியோ அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். முகம் உணர்ச்சியில் தழுதழுத்தது. பேதுரு மீனவர் அல்லவா? அதற்கு மீனவர் மோதிரம் என்றே பெயர். ஏப்ரல் 21-ஆம் தேதி காலமான பிரான்சிஸும் அதுபோல ஒன்று வைத்திருந்தார். புதியவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதன் மேல் குறுக்கே கீறி, இனி யாருக்கும் உதவாதபடி செய்துவிட்டார்கள்.