விடுதிக்குப் போன பிள்ளையும் வீட்டில் இருக்கும் தாயும்



நம் நாட்டில் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் மெட்ரிகுலேசன், பாலிடெக்னிக், ஆசிரியர் கல்விக் கழகம், பல்கலைக்கழகம் எனப் பிள்ளைகள் பல திசைகளில் பிரிகின்றனர். ஜொகூரில் வளர்ந்த பிள்ளைக்கு, 1984இல் தோன்றிய உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில், கெடாவின் சிந்தோக்கில் இடம் கிடைக்கிறது. சிலருக்குத் தென்சீனக் கடலுக்கு அப்பால் சபா, சரவாக் மலேசியப் பல்கலைக்கழகங்கள் வாய்க்கின்றன. உற்றார் உறவினர் பாராட்டுகின்றனர். ஆனால், பெட்டியை அடுக்கிக் கொடுத்து அனுப்பிய தாய் எப்படி இருக்கிறார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

மூன்று டின் அரிசி வெந்த வீட்டில் இப்போது ஒரு டின் போதும். நெத்திலிச் சம்பல் மறுநாளும் மீந்து கிடக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி நேரத்தையும் டியூசன் நேரத்தையும் வைத்தே நாளைப் பகுத்தவருக்குத் திடீரென நாள் நீண்டுவிடுகிறது. பலருக்கு இது மாதவிடாய் நிற்கும் பருவமாகவும் அமைந்து, உடலும் மனமும் ஒருசேரத் தளர்கின்றன.

இந்தத் துயரம் தமிழுக்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றில், உடன்போக்கில் மகளைப் பிரிந்த தாய் இரங்குவதற்கென்றே பத்துப் பாடல்கள் கொண்ட பகுதி ஒன்று உண்டு. தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களுள் ஓதலையும் வைத்து, கல்விக்கான பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்றும் வரையறுக்கிறது. ஆனால், அங்கே ஓதச் செல்பவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. இன்று மகளும் ஓதச் செல்கிறாள், காத்திருப்பவர் தாய். காலம் மாறியிருக்கிறது, பெருமைக்குரிய மாற்றம்தான். எனினும் பிரிவின் வலி மாறவில்லை. ஆகவே, "இதற்கெல்லாமா அழுவார்கள்?" என்று எள்ளி நகையாடுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

அதே வேளையில், தாயின் வருத்தம் பிள்ளையின் காலுக்கு விலங்காகிவிடக் கூடாது. "அம்மா தாங்கமாட்டார்" என்பதற்காகவே தொலைவில் கிடைத்த இடத்தை மறுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. இதில் பெரிதும் இழப்பவர்கள் பெண்பிள்ளைகளே. மகனுக்கு வழிவிடும் மனம் மகளுக்கு மட்டும் ஏன் தயங்குகிறது? கைநழுவிய இடம் மறு ஆண்டும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாளுக்குப் பத்து முறை அழைத்து, "சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா" என்று கேட்பதும் வேறு வகைக் கட்டுதான். தன் சிக்கலைத் தானே தீர்க்கப் பிள்ளை பழகும் இடமன்றோ விடுதி!

அப்படியானால் தாய் என்ன செய்வது? கோயிலுக்குச் செல்லுங்கள், தொடர் நாடகம் பாருங்கள் என்று சொல்லி முடித்துவிடுவது தீர்வாகாது. பிள்ளைகளுக்காக ஒத்திவைத்த தம் ஆசையை அவர் மீண்டும் கையில் எடுக்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தனித்தேர்வராக அமரலாம். தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் அதில் எழுதலாம். வயது முதிர்ந்தோர் அவ்வாறு அமர்வதை நாளேடுகளில் படிக்கிறோமே! அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு வந்து, வாசிப்பில் பின்தங்கிய மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் கதை படித்துக் காட்ட முன்வந்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருகரம் நீட்டி வரவேற்போம். தையலோ சிறுதொழிலோ, எதுவாயினும் அது அவருக்கே உரியதாக இருத்தல் வேண்டும்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய இருவர், இனித் தங்களைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். மனைவிக்கு உறக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் சோர்வு நீங்காதிருந்தால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் கடமை உண்டு. பணம் தீர்ந்தால் மட்டும் அழைக்காதீர்கள். "நான் நலம்" என்பதோடு நிறுத்தாமல், "இன்று நீங்கள் என்ன செய்தீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சொல்ல அவரிடம் ஒரு செய்தி இருக்கும்படி வாழ வழிசெய்வது குடும்பத்தார் அனைவரின் பொறுப்பு.

சிந்திப்போம், செயற்படுவோம்.