கழிப்பறையை யார் கழுவுவது?

பிள்ளைகளைச் சொந்தக் காலில் நிற்க வளர்க்கிறோம் என்று இப்போது பல வீடுகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். விடுமுறையில் பானை வனையும் பயிற்சி, மொட்டை மாடியில் கீரைப் பாத்தி. நல்லதுதான் தோழர்களே. ஆனால் அதே வீட்டில் கழிப்பறை கழுவ ஒரு அக்கா வருகிறார். அவர் தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர்.

கைவேலைக் கல்வி என்றால் எனக்கு 1953தான் நினைவுக்கு வரும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில் என்றது ராஜாஜி அரசு. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பே தைக்க வேண்டும்! குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் ஒழிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வேலை தெரியாமல் இல்லை. பள்ளி நேரம்தான் பறிபோனது. வேலை பழக வேண்டியவர்கள் நாம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பினாயிலும் பிரஷ்ஷும் அவன் கையில். முதல் வாரம் என் அம்மா, "இதெல்லாம் நம்ம பண்ற வேலையாடா?" என்றார். அந்த 'நம்ம'வில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவோடு அன்று பெரிய சண்டை.

தன் தட்டு, தன் துணி, தன் கழிப்பறை. இந்த மூன்றையும் நான் பழகியது முப்பது வயதுக்கு மேல்.