மாசி சிவராத்திரிக்குத் தும்பை

வெண்மைக்கு உவமை சொல்ல வேண்டுமானால் நம் நாவில் முதலில் வருவது தும்பைப் பூ. போருக்குச் சென்ற வீரர் சூடிய மலர் அது. தொல்காப்பியம் ஒரு திணைக்கே அதன் பெயரைச் சூட்டியிருக்கிறது. சிவபெருமானுக்கு உகந்த அந்தப் பூ, காலி மனைகள் குறைந்துவிட்ட நகரங்களில் எளிதில் கிடைப்பதில்லை. அன்பர்கள் அதனை வீட்டிலேயே வளர்க்கலாம்.

தும்பை, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. ஆயினும் துளசியைப் போல் ஆண்டுக்கணக்கில் நில்லாது. வடகிழக்குப் பருவமழையில் முளைத்து, பனிக்காலத்தில் பூத்து, வெயில் ஏறியதும் விதை உதிர்த்து மடிந்துவிடும். எனவே விதையே அதன் மூலதனம்.

பழுப்பேறிக் காய்ந்த பூங்கொத்துகளைத் தாளின்மேல் தட்டினால் சிறு விதைகள் உதிரும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்திருந்து, ஐப்பசி மழை தொடங்கியதும் விதைக்கலாம். அகலமான தொட்டியில் மூன்று பங்கு மண்ணும் ஒரு பங்கு மணலும் கலந்து நிரப்புங்கள். விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். அதன்மேல் மெல்லிய மணற்போர்வை போதும். ஆழப் புதைக்கக் கூடாது. பூவாளியால் நீர் தெளியுங்கள். நாற்றுகளைச் சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கவாட்டில் கிளைத்துப் படரும். நல்ல வெயில் வேண்டும். உரம் மிகுந்தால் இலையே பெருகும். குனிய இயலாதவர்கள் தொட்டியை இடுப்பளவு மேடையில் வைத்துக்கொள்ளலாம்.

பறிக்கும் முறையில்தான் அடுத்த ஆண்டின் அர்ச்சனை அடங்கியிருக்கிறது. பலர் கொத்தையே ஒடித்துவிடுகிறார்கள்; அதனோடு விதையும் போய்விடுகிறது. வெண்ணிற இதழை மட்டும் விரல்நுனியால் மெல்ல இழுத்தால் அது தனியே கழன்று வரும். தேனீ வந்துபோன பூவாக இருந்தால், பச்சைப் புல்லிக்குள் எஞ்சும் சூல் முதிர்ந்து நான்கு விதைகள் வரை தரும். எதற்கும் இரண்டு செடிகளைத் தொடாமலே விட்டுவையுங்கள். அவை தேனீக்களுக்கும் வரும் ஐப்பசிக்கும் உரியவை.

மகாசிவராத்திரியன்று ஒரு கைப்பிடி பூவே கிடைத்தாலும் குறையில்லை. செடி காய்ந்த பின் விதை உறையின்மேல் தேதியை எழுதிப் பேரக்குழந்தைகளிடம் கொடுத்துவையுங்கள்.